புதுப்பிப்பு: 33-0 பின்தங்கி ஜெயித்த ஆட்டம் கிடைத்துவிட்டது

உதவியவர்களுக்கு நன்றி. அமெரிக்க ஃபுட்பாலில் பாதி ஆட்டத்தில் 33-0 பின்தங்கி, சொந்த ரசிகர்களே கூச்சலிட்டுத் திட்டிய அணி கடைசியில் ஜெயித்த ஆட்டம் எது என்று கேட்டிருந்தேன். "2022 சீசன், 15-வது வாரம்" என்றவர் சொன்னதே சரி. டிசம்பர் 17, மினியாபொலிஸ்: சொந்த ஊர் அணியான வைக்கிங்ஸ் 39, கோல்ட்ஸ் 36. கூடுதல் நேரம் முடிய 3 நொடி இருக்க, வைக்கிங்ஸின் கிரெக் ஜோசப் 40 கெஜத்திலிருந்து பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து வெற்றிப் புள்ளிகளை எடுத்தார். திட்டிய அதே வாய்கள் 'ஸ்கோல்' (வைக்கிங்ஸ் ரசிகர்களின் உற்சாக முழக்கம்) என்று அலறின!

1993-ல் பில்ஸ் அணி ஜெயித்த ஆட்டம் என்றவருக்கு: அது 32 புள்ளி பின்தங்கி ஜெயித்தது, பழைய சாதனை.

அதைவிட எதிர்பாராதது மறுநாள் நடந்த பேட்ரியட்ஸ்-ரெய்டர்ஸ் ஆட்டம். 24-24, நேரமும் முடிந்துவிட்டது; நடந்துகொண்டிருந்த கடைசி முயற்சி மட்டும் பாக்கி. பேட்ரியட்ஸ் வீரர் பின்னால் வீசிய பந்து நேரே ரெய்டர்ஸின் சாண்ட்லர் ஜோன்ஸ் கையில்; அவர் எல்லைக்கோடு வரை ஓடி 6 புள்ளி எடுத்துவிட்டார். ரெய்டர்ஸ் 30-24. பேட்ரியட்ஸ் ரசிகர்களை நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது.