சத்தம் கூட்டினால் ரிசீவர் அணைந்துவிடுகிறது

கேள்வி:
எங்கள் ஹோம் தியேட்டரின் 5.1 ரிசீவர் (ஸ்பீக்கர்களை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர் பெட்டி) குறைந்த சத்தத்தில் மணிக்கணக்கில் ஓடுகிறது. சண்டைக் காட்சியில் சத்தத்தைக் கூட்டினால் டிக் என்று ரிலே (உள்ளே தானாக இயங்கும் சுவிட்ச்) விழுந்து அணைந்துவிடுகிறது. முன் ஸ்பீக்கர்களின் மின்தடை 4 ஓம். எதைப் பார்க்கலாம்?

பதில்:
அது பாதுகாப்பு சர்க்யூட்டின் வேலை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள், ஒயரில் ஒரு செம்பு இழை பிரிந்து பக்கத்து முனையைத் தொட்டாலே போதும். அப்புறம் ஸ்பீக்கர்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் சத்தத்தைக் கூட்டுங்கள். அப்போதும் அணைந்தால் கோளாறு ரிசீவருக்குள்ளேதான், சர்வீஸுக்குக் கொடுத்துவிடுங்கள். அணையவில்லை என்றால் ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள்.

பதில்:
எனக்கு அந்த 4 ஓம் மேல்தான் சந்தேகம். ரிசீவரின் பின்பக்கம் குறைந்தபட்ச ஓம் அச்சிட்டிருக்கும், அதற்கும் கீழே மாட்டினால் அதே சத்தத்துக்குக் கரண்ட் கூடுதலாக இழுக்கும். ரிசீவரின் ஸ்பீக்கர் செட்டிங்கில் முன் ஸ்பீக்கரை 'ஸ்மால்' என்று மாற்றி, கிராஸ்ஓவரை (பேஸைப் பிரிக்கும் எல்லையை) 80 ஹெர்ட்ஸில் வைத்து, அதற்குக் கீழான பேஸை சப்வூஃபருக்கு (பேஸுக்கென்றே உள்ள ஸ்பீக்கருக்கு) தள்ளுங்கள்.

கேட்டவர்:
இழை எதுவும் பிரியவில்லை. பின்னால் 6 ஓம் என்றுதான் இருக்கிறது. ஸ்மால் வைத்ததும் அதே காட்சி அணையாமல் ஓடியது, ரொம்ப நன்றி! ரிசீவர் மேல் செட்டாப் பாக்ஸ் இருக்கிறது, பரவாயில்லையா?

பதில்:
முதலில் அதை எடுங்கள். சூடு வெளியேறும் துளைகள் அங்கேதான் இருக்கின்றன, மேலே ஒரு சாண் இடமாவது வேண்டும்.