மறு: கடலோர மணல்மேடுகள்: பிறைமேடா, கவைமேடா?

அன்புள்ள குழுவினருக்கு,

மணல்மேட்டு வகைகளுக்கு நாம் தொகுக்கும் தமிழ்ச்சொல் பட்டியலைப் பற்றி எழுதுகிறேன். முதலில் பாரபோலிக் டியூன் (parabolic dune), அதாவது இரு ஓரங்களையும் செடி பிடித்துவைத்திருக்கும் வளைந்த மணல்மேடு.

> பாரபோலிக் டியூனுக்குப் ‘பிறைமேடு’ என்றே வைக்கலாமே. படத்தில் பிறை மாதிரிதானே இருக்கிறது?

பிறை வடிவத்தைப் பாடநூல்கள் ஏற்கெனவே பாலைவனங்களில் நகரும் பார்கன் (barchan) என்ற மேட்டுக்குக் கொடுத்துவிட்டன, அது அங்கேயே இருக்கட்டும். படத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்தான். ஆனால் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஓர் அம்புக்குறி போட்டுப் பாருங்கள், இரண்டும் நேரெதிராகத் திரும்பி நிற்கும்.

பார்கன் செடியில்லாத மணலில் உருவாவது. நடுவில் மணல் மிகுதி, ஓரங்களில் குறைவு. குறைந்த மணல் விரைவாக நகரும் என்பதால் கொம்புகள் காற்று போகும் திசையில் முந்திக்கொண்டு நீள்கின்றன. நாம் பேசும் பாரபோலிக் மேட்டிலோ செடிதான் உருவத்தைத் தீர்மானிக்கிறது. அடும்பும் இராவணன் மீசையும் படர்ந்த கரையோர மேட்டில், மாடு மிதித்தோ புயல் அறுத்தோ ஓரிடத்தில் பசுமை கிழிகிறது. காற்று அந்தத் திறப்பில் புகுந்து மணலை அள்ளிக்கொண்டு போகிறது. நடுப்பகுதி நகர்ந்துவிடும். இரு ஓரங்களையும் வேர்கள் விடுவதில்லை. அப்படிப் பின்தங்கிய இரண்டு கைகள், காற்று வந்த பக்கம் நோக்கி நீண்டு கிடக்கும்.

ஆகவே என் முன்மொழிவு: கவைமேடு. பிளந்த கிளை கவை. கவட்டை எல்லாருக்கும் தெரியும். பாரபோலிக்கின் நேர் மொழிபெயர்ப்பான ‘பரவளைய மேடு’ கணக்குப்படி சரி, ஆனால் பத்தாம் வகுப்பு வரைபடத்தாள்தான் நினைவுக்கு வருகிறது, மணல் வரவில்லை.

> மழை குறைந்தால் செடி இல்லை, மேடு நகரும். அவ்வளவுதானே, காற்றை ஏன் இவ்வளவு பேச வேண்டும்?

அவ்வளவு மட்டும் இல்லை. மணலில் விழும் மழை சட்டென்று உள்ளே இறங்கிவிடும், ஆவியாவது குறைவு. கொஞ்ச மழையிலேயே மணலில் செடி வளரும். அதை வளரவிடாமல் செய்வது பெரும்பாலும் காற்றுதான்: நாற்றைப் புதைக்கும், அல்லது வேரை வெளியே இழுத்துப்போடும். காற்றின் வேகம் இரட்டித்தால் அது நகர்த்தும் மணல் ஏறக்குறைய எட்டு மடங்காகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடிப் பக்கத்துச் செம்மணல் மேடுகளான தேரிகளில் இதைக் காணலாம். மேற்கே மழையைக் கொட்டிவிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்குண்டு வேகமெடுத்து, வறண்ட காற்றாக வந்து சேர்கிறது தென்மேற்குப் பருவம்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒருமுறை வெறுமையாகிவிட்ட மேட்டில் செடி மீண்டும் ஊன்றுவது கடினம். ஒருமுறை செடி மூடிவிட்டால் அதே காற்று அதை எளிதில் கலைக்க முடியாது. அதனால் ஒரே தட்பவெப்பத்தில் நகரும் மேடும் நிலைத்த மேடும் அருகருகே இருக்கலாம். வடகிழக்குப் பிரேசிலின் சியாரா கரையில் பிறைமேடும் கவைமேடும் சேர்ந்தே கிடக்கின்றன. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் அந்தக் கரையைத் தமிழில் விவரிக்கவே வழியிருக்காது.

‘தேரி’யையே எல்லா மணல்மேட்டுக்கும் பொதுச்சொல்லாக்கலாம் என்ற யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. இரும்பு ஆக்சைடு படிந்து சிவந்த அந்த மணலுக்கென்றே மக்கள் வைத்திருக்கும் பெயர் அது. அதைப் பொதுவாக்கினால், பழைய தேவாலயத்தையே புதைத்த யாழ்ப்பாண வடமராட்சி மணற்காட்டு வெண்மணலையும் தேரி என்று சொல்ல வேண்டிவரும். பொதுவுக்கு மணல்மேடு போதும். கடலுக்கு முதல் வரிசையில் நிற்பதற்கு, மணல்மேட்டைக் குறிக்கும் பழைய சொல்லான எக்கரை எடுத்து ‘முன்னெக்கர்’ என்று வைக்கலாம்.

எஞ்சியிருப்பது புளோஅவுட் (blowout), அதாவது பசுமை கிழிந்த இடத்தில் காற்று மணலை அள்ளிப்போய் உண்டாக்கும் பள்ளம். ‘ஊதுகுழி’ என்றால் அடுப்பூதும் குழல் நினைவுக்கு வருகிறது. தவிர, அது எப்போதும் குழியாக இருப்பதில்லை, நீண்ட வாய்க்காலாகவும் அமையும். ‘காற்றுவாய்’ இரண்டுக்கும் பொருந்தும். இதை ஏற்றால் வரையறை ஒரே வரி: காற்றுவாயிலிருந்து புறப்பட்டு, செடி பிடித்த இரு கைகளைக் காற்று வரும் பக்கம் விட்டுச்செல்லும் மணல்மேடு, கவைமேடு.

கரையோர ஊர்க்காரர்கள் யாரிடமாவது இவற்றுக்குப் பேச்சுவழக்குச் சொல் இருந்தால் எழுதுங்கள். இருந்தால், என்னுடையதை நீக்கிவிட்டு அதையே பட்டியலில் சேர்ப்போம்.