'1917': கேமரா கதைக்குத் துணையா, திரையா?

கேள்வி:
சாம் மெண்டிஸ் இயக்கி 2019இல் வெளிவந்த '1917' படத்தை அண்மையில் மறுபடியும் பார்த்தேன். முதல் உலகப்போரில் 1,600 வீரர்களைப் பொறியில் சிக்காமல் காக்கும் கடிதத்தோடு பிளேக், ஸ்கோஃபீல்ட் என்னும் இரண்டு பிரிட்டிஷ் சிப்பாய்கள் புறப்படும் கதை, வெட்டே இல்லாத ஒரே ஷாட் போலத் தோன்றும்படி எடுக்கப்பட்டிருக்கிறது. முதல்முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். இம்முறையோ கண் கேமராவின் பின்னாலேயே போனது. இந்த உத்தி கதைக்குத் துணை நிற்கிறதா, அதை மறைக்கிறதா?

மறுமொழி 1:
துணை நிற்கிறது என்பதே என் கருத்து. இரு படைகளுக்கும் நடுவிலுள்ள சேற்று நிலத்தின் அகலத்தை வெட்டி ஒட்டிய காட்சிகளில் நாம் உணர்வதில்லை. இங்கே அந்தச் சிப்பாய்களோடு நாமும் நடந்தே கடக்கிறோம். வசனம் முடியும் தூரத்துக்கு ஏற்ப அளந்து பதுங்குகுழிகளை வெட்டியதும், அடுத்தடுத்த காட்சிகளின் வெளிச்சம் ஒத்துப்போவதற்காக மேகம் மூடும்வரை காத்திருந்ததும் வீண் உழைப்பல்ல. இடிந்த ஊரின் இரவுக் காட்சியில், ஒளிக்குண்டுகள் ஏறி இறங்க இறங்கச் சுவர்களின் நிழல்கள் நீண்டு குறுகுவது ஒன்றே போதும், ஒளிப்பதிவாளர் ராஜர் டீக்கின்ஸுக்கு ஆஸ்கர் கிடைத்தது ஏன் என்று விளங்க.

மறுமொழி 2:
ஒளிப்பதிவில் எனக்கும் குறையில்லை. ஆனால் கேமரா ஒருவனைவிட்டு விலகாததால், எதிரி மனிதனாகவே தெரியவில்லை. எரியும் விமானத்திலிருந்து காப்பாற்றப்பட்ட ஜெர்மானிய விமானியே பிளேக்கைக் கத்தியால் குத்துகிறான். அந்த விமானியின் அச்சத்தை அறிய நமக்கு வழியில்லை. மேலும், வழிநெடுக ஒரு பெரிய நடிகர் தோன்றிச் சில வசனங்கள் பேசிவிட்டு மறைவது, திருவிழாவில் சாமி மண்டகப்படிக்கு மண்டகப்படி நின்று போவதுபோல் இருக்கிறது. இயக்குநர் தம் தாத்தா சொன்ன போர்க்கால நினைவுகளிலிருந்து கதையை உருவாக்கினார் என்பதால் இப்படித் துண்டு துண்டாக அமைந்ததோ என்னவோ.

கேள்வி கேட்டவர்:
விமானி பற்றிச் சொன்னதை மறுக்க முடியவில்லை. ஆயினும் படம் ஜெர்மானியரைப் பற்றி ஒரு செய்தியை மரங்களின் வழியே சொல்கிறது. 1917 தொடக்கத்தில் ஹிண்டன்பர்க் அரண் என்ற தங்கள் தற்காப்புக் கோட்டுக்குப் பின்வாங்கிய அவர்கள், விட்டுப்போன நிலத்தில் பழமரங்களையும் வெட்டிச் சாய்த்தார்கள். படத்தில் வெட்டுண்டு கிடக்கும் செர்ரி மரங்களின் வகைகளைத் தன் தாயின் தோட்டத்தை நினைத்தபடி பெயர் சொல்லி அடுக்கும் பிளேக், சற்று நேரத்தில் இறந்துவிடுகிறான். மறுநாள் விடியலில் ஆற்றில் மிதந்துவரும் ஸ்கோஃபீல்டின் மேல் செர்ரிப் பூவிதழ்கள் உதிர்கின்றன. அந்த இடத்தில் மட்டும் நான் கேமராவை மறந்திருந்தேன்.