அம்மாவின் இரத்த அழுத்தம்: குமரி மாவட்டத்து உறவுகளே, உதவுங்கள்

தக்கலையில் இருக்கும் அம்மாவுக்கு 62 வயது. பதினொரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். போன வாரம் மருத்துவமனையில் இரத்த அழுத்தம் 158/94 காட்டியது. பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்த மூச்சிரைப்பு அடங்குமுன், ரவிக்கைக் கையின் மேலேயே அழுத்தம் அளக்கும் கருவியின் பட்டையைச் சுற்றிவிட்டார்கள். அந்த அளவை நம்ப எனக்கு மனமில்லை.

மருத்துவர் உடனே மாத்திரை எழுதவில்லை. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்தபின், காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை, ஒரு வாரம் அளந்து குறித்துவரச் சொன்னார். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டுமாம்.

அம்மாவின் மேல்கை பருமன். பட்டை சிறிதானால் அளவு கூடுதலாகக் காட்டும். பெரிய பட்டையுள்ள கருவி மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ எங்கே கிடைக்கும்?

கருவாடு இல்லாமல் அம்மாவுக்குச் சோறு இறங்காது. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு உப்பைக் குறைத்தது எப்படி? தயவுசெய்து சொல்லுங்கள்.