உதவி: அன்டெட்டை எதிர்த்து லாயலிஸ்ட்டா ஆடி மூணு ஆட்டமும் தோல்வி (வெஸ்னாத்)

காலாள்
அவசரமா ஒரு உதவி. வெஸ்னாத்ங்கற கணினிப் போர் ஆட்டத்துல நண்பனோட ஒத்தைக்கு ஒத்தை ஆடறேன். நான் லாயலிஸ்ட் (மனுஷப் படை), அவன் அன்டெட் (செத்தவங்க படை). மூணு ஆட்டம், மூணும் தோல்வி. நல்லாத்தான் முன்னேறிப் போறேன், போய் மோதினதும் ரெண்டு டர்ன்ல (முறையில) மொத்தப் படையும் காலி. என்ன தப்பு பண்றேன்? நாளைக்கு ராத்திரி அடுத்த ஆட்டம்.

அறுகோணம்
எந்த மேப்? ஆரம்பத் தங்கம் எவ்வளவு? யாரையெல்லாம் எடுத்தீங்க? எத்தனாவது டர்ன்ல மோதினீங்க? அவர் எடுத்தது என்ன? இதுல ஒண்ணுகூடச் சொல்லாம "என்ன தப்பு"ன்னா என்னத்தைச் சொல்றது?

மந்தைவெளி
ஹெவி இன்ஃபன்ட்ரி (கனத்த கவச வீரன்) எடுங்க ப்ரோ. அன்டெட்டுக்கு அதுதான் மருந்து. நாலு ஹெவி, முடிஞ்சது கதை.

பழைய_கோட்டை
இந்தக் கேள்வி இங்கே எத்தனை முறை வந்திருக்கிறது என்று தேடிப் பார்த்தீர்களா? அன்டெட்டின் ஸ்கெலிட்டன் (எலும்புக்கூடு) மேல் வலது கிளிக் செய்து விவரப் பக்கத்தைத் திறந்தால் எதிர்ப்புச் சதவீதம் முழுவதும் இருக்கிறது. குத்து 60%, வெட்டு 40% தாங்கும். இடியும் (மோதி நொறுக்கும் அடி) நெருப்பும் பட்டால் 20% கூடுதலாக அடிபடும். இதைப் படிக்காமல் ஆட உட்கார்ந்தால் இப்படித்தான் ஆகும். ரீப்ளே (ஆட்டப் பதிவு) கோப்பைப் போடுங்கள், பிறகு பேசலாம்.

காலாள்
மன்னிக்கணும், மேப் ஃப்ரீலேண்ட்ஸ். தங்கம் 100. ஆறு ஸ்பியர்மேன்ல (ஈட்டிக்காரன்) ஆரம்பிச்சு, காசு வர வர இன்னும் ஸ்பியர்மேன், நடுவுல ரெண்டு மேஜ் (மந்திரவாதி). அவன்கிட்ட நாலஞ்சு ஸ்கெலிட்டன், டார்க் அடெப்ட் (தூரத்துல இருந்து குளிர் மந்திரம் வீசறவன்), ஒரு கூல் (விஷம் ஏத்தற பிணந்தின்னி), ஒரு வவ்வால். 8-வது டர்ன்ல மோதல். லாயலிஸ்ட்டுக்குப் பகல்ல பலம்னு தெரியும், அதனாலதான் 8. ரீப்ளே எங்க சேமிக்கும்னு தெரியல.

அறுகோணம்
இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே. ஆறு ஸ்பியர்மேன், அங்கேயே பாதி ஆட்டம் போச்சு.

கணக்கைப் பாருங்க. ஸ்பியர்மேன் 7-3 (ஒரு அடிக்கு 7 சேதம், மூணு அடி), குத்து. ஸ்கெலிட்டன் 60% தாங்கிடும். பகல் கூடுதல் 25% சேர்த்தும் ஒரு அடி 4 தான். ஸ்கெலிட்டனுக்கு உயிர் 34. மூணு ஸ்பியர்மேன் சுத்தி நின்னு ஒன்பது குத்தும் பட்டா 36, அப்பதான் சாகும். புல்வெளியில நிக்கிறதைக் குத்தினா ஒவ்வொண்ணும் படற வாய்ப்பு 60%. ஒன்பதும் படறதுக்கு நூத்துல ஒண்ணு. அதோட ஒவ்வொரு தடவையும் அது திருப்பி வெட்டும்.

அதே பகல்ல மேஜ்: 7-3, நெருப்பு, மந்திரம்ங்கறதால எங்க நின்னாலும் 70%. ஒரு அடி 10. ரெண்டு மேஜ் அடிச்சா ஆறு அடியில நாலு பட்டாப் போதும், 74% வாய்ப்பு. ஸ்கெலிட்டனுக்குத் தூர ஆயுதம் கிடையாது, திருப்பி அடிக்கவே அடிக்காது. மூணு ஸ்பியர்மேன் 42 தங்கம், ரெண்டு மேஜ் 40.

ராத்திரின்னா இன்னும் மோசம். உங்க ஸ்பியர்மேன் குத்து 2-க்கு இறங்கிடும், அவன் வெட்டு 9-3. உங்க ஆளுக்கு உயிர் 36. ஒரே ஸ்கெலிட்டன் மூணும் பட்டா 27 போயிடும்.

மந்தைவெளி
நான் சொன்னதைத்தானே நீங்களும் சொல்றீங்க. ஹெவி பகல்ல 16-2 இடி. ராத்திரியிலகூட 10-2. ஸ்கெலிட்டன் வெட்டினா ராத்திரியில வெறும் 4-3. அசையவே வேணாம், நடுவுல நிறுத்திட்டு வேடிக்கை பார்க்கலாம்.

பழைய_கோட்டை
வேடிக்கை பார்க்கலாம், அவனிடம் அடெப்ட் இல்லாதவரை. ஹெவி குளிருக்கு 10% பலவீனம். ராத்திரியில் அடெப்ட் அடி 14-2, மந்திரம், 70%. ஹெவிக்கு உயிர் 38. இரண்டு அடெப்ட், நான்கு அடி, மூன்று பட்டால் போதும். வாய்ப்பு 65%. ஹெவியிடம் தூர ஆயுதம் இல்லாததால் அவர்களுக்கு ஒரு கீறலும் விழாது. போதாக்குறைக்கு நகர்வு 4 தான். தப்பி ஓடவும் முடியாது. நாலு ஹெவி என்று யோசனை சொல்பவர்கள் எந்தத் தரத்து எதிராளியோடு ஆடுகிறார்கள் என்பது புரிகிறது.

மந்தைவெளி
சரி நாலு வேணாம், ரெண்டு. ஆனா "எந்தத் தரம்"னு எல்லாம் வேண்டாமே சார்.

வால்குதிரை
யாரும் குதிரை பத்தியே பேசலையே? அடெப்ட்டுக்குக் கைச்சண்டை ஆயுதமே கிடையாது. ஹார்ஸ்மேன் பாய்ஞ்சா அடி இரட்டிப்பு, பகல்ல 22-2. அடெப்ட் உயிர் 28, ரெண்டும் பட்டாக் காலி. வெட்டவெளியில நின்னா 36%. மத்த இடத்துல பாய்ஞ்சா வாங்கறதும் இரட்டிப்பு, அடெப்ட்கிட்ட அந்தப் பயமே இல்ல.

அறுகோணம்
உண்மைதான், ஆனா 23 தங்கம். பாய்ஞ்ச குதிரை அவன் வரிசைக்குள்ள மாட்டிக்கும், அடுத்த டர்ன்ல ஸ்கெலிட்டன் சுத்திக்கிட்டாப் போச்சு. ஸ்கெலிட்டனைக் குதிரையால குத்தறது வீண், அதுவும் குத்துதான். எனக்குப் பிடிச்சது கேவல்ரிமேன் (வாள் குதிரைவீரன்). 17 தங்கம், வெட்டை 30% தாங்கும், குளிரை 20% தாங்கும், வேகம் உண்டு. ஸ்கெலிட்டனைக் கொல்லாது, ஆனா முன்வரிசையில நிக்கும், அடெப்ட்டை எட்டிப் பிடிக்கும்.

100 தங்கத்துக்கு நான் எடுக்கறது: மேஜ் 2, ஹெவி 1, கேவல்ரி 1, ஸ்பியர்மேன் 1. மொத்தம் 90. அந்த ஒத்தை ஸ்பியர்மேன் கிராமம் பிடிக்கவும் வவ்வாலைத் துரத்தவும்.

காலாள்
ஆள் எடுக்கறது புரிஞ்சது. ஆனா மேஜ் வேலைக்கு ஆகலையே? மூணாவது ஆட்டத்துல என் மேஜ் 70%ல மூணு அடியும் தவற விட்டான். இது என்ன ஆட்டம்? தாயக்கட்டை உருட்டற மாதிரி இருக்கு.

எண்கணிதம்
மூணும் தவற வாய்ப்பு 0.3 × 0.3 × 0.3 = 2.7%. ஒரு ஆட்டத்துல மேஜ் 40 தடவை அடிச்சா ஒரு தடவையாவது இப்படி ஆகறதுக்கு 66% மேல. ஆகலைன்னாத்தான் ஆச்சரியம். மெனுவுல ஸ்டாடிஸ்டிக்ஸ் திறங்க, எதிர்பார்த்த சேதம் எவ்வளவு, நிஜமா எவ்வளவுன்னு பக்கத்துல பக்கத்துல காட்டும். பெரும்பாலும் ரெண்டும் கிட்டக்கிட்ட இருக்கும், மறக்காம இருக்கறது தவறின அடிதான்.

இரவுக்காவல்
அதெல்லாம் சரி, ஆனா முக்கியமான ஒரு அடி தவறினா ஆட்டமே போயிடுதே? சராசரி சரியா வந்து என்ன பிரயோஜனம்? அதிர்ஷ்டம் இல்லாத ஆட்டம்னா சதுரங்கம் ஆடுங்க. இது திறமைக்கான ஆட்டமே இல்ல.

எண்கணிதம்
ஒரே அடியில ஆட்டம் போற நிலைக்கு வந்ததே திட்டத்தோட குறை. அடிக்கறதுக்கு முன்னாடி வர்ற பெட்டியில டேமேஜ் கால்குலேஷன்ஸ்னு ஒரு பொத்தான் இருக்கு. தவறினா என்ன ஆகும்னு அதுலயே தெரியும். அந்த "தவறினா"வுக்கு ஒரு ஆளைப் பக்கத்துல வெச்சிருக்கணும். திறமை அங்கதான்.

இரவுக்காவல்
பக்கத்துல வெக்க ஆள் இருந்தா நான் ஏன் புலம்பறேன்?

பழைய_கோட்டை
அதிர்ஷ்டத்தைப் பற்றிப் புலம்புகிறவர்களுடைய ரீப்ளேயைப் பார்த்தால் ஒன்று தெரியும்: முதலில் தாக்க வேண்டிய ஆளைக் கடைசியில் தாக்கியிருப்பார்கள். கொல்ல முடிந்தால் கடைசி அடியை மேஜுக்கு விடுங்கள். முதல் நிலை எதிரியைக் கொன்றால் அனுபவம் 8, வெறுமனே சண்டையிட்டால் 1. அனுபவம் சேர்ந்து மேஜ் ஒருவன் அடுத்த நிலையான ஒயிட் மேஜ் ஆகிவிட்டால் அன்டெட்டுக்குப் பாதி வழி அடைத்தது போல.

நடுக்கட்டம்
எல்லாரும் ஆள் எடுக்கறதையே பேசறீங்க. காலாள், ஒரு கேள்வி. 8-வது டர்ன் காலைன்னு எப்படித் தெரியும்?

காலாள்
1 விடியல், 2 காலை, 3 மதியம், 4 அந்தி, 5-6 ராத்திரி, 7 மறுபடி விடியல், 8 காலை. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?

நடுக்கட்டம்
ஆட்டம் அமைக்கறப்போ ரேண்டம் ஸ்டார்ட் டைம்னு ஒரு டிக் இருக்கும். அது போட்டிருந்தா முதல் டர்ன் ஆறு நேரத்துல எதுவா வேணாலும் இருக்கும். டர்ன் எண்ணை வெச்சுப் பகல் ராத்திரி கணக்குப் போடவே முடியாது. மேல இருக்கற சூரியன் படத்தைத்தான் பார்க்கணும். யார் ரூம் போட்டது, நீங்களா அவரா?

ஒருவேளை முதல் டர்ன் மதியம்னா 8 அந்தி. அந்தியில யாருக்கும் கூடுதல் இல்ல, 9-ம் 10-ம் முழு ராத்திரி. "மோதினதும் ரெண்டு டர்ன்ல காலி"ன்னீங்களே, அதுக்கு அப்படியே பொருந்துது.

இன்னொண்ணு, நீங்க முதல் ஆட்டக்காரரா ரெண்டாவதா? முதல்னா மதியம் நீங்க அடிச்சதுக்கு அவன் பதிலும் மதியத்துலயே, அவனுக்கு 25% குறைவு. ரெண்டாவதுன்னா நீங்க மதியம் அடிச்சா அவன் பதில் அந்தியில வரும். அதனால ரெண்டாவது ஆட்டக்காரர் ஒரு டர்ன் முன்னாடியே பின்வாங்க ஆரம்பிக்கணும்.

அறுகோணம்
இது எனக்குத் தோணல. நல்ல கேள்வி.

பழைய_கோட்டை
நேரத்தைப் பார்க்காமல் ஒருவர் மூன்று ஆட்டம் ஆடியிருப்பார் என்று நம்ப முடியவில்லை. ஆள் தேர்வுதான் காரணம்.

நடுக்கட்டம்
ரெண்டும் காரணமா இருக்கலாமே. பின்வாங்கறதையும் யாரும் சொல்லல, அதையும் சொல்லிடறேன்.

அந்தி வந்ததும் புல்வெளியை விட்டு எழுந்து வந்துடுங்க. புல்லுல உங்க ஆளுக்குத் தற்காப்பு 40%, கிராமம், கோட்டை, மலையில 60%. குன்று, காடு 50%. ஆழமில்லாத தண்ணி 20%தான், அங்க அவனை நிக்க வைக்கப் பாருங்க. ராத்திரி ரெண்டு டர்ன் தாக்குப் பிடிச்சாப் போதும், விடிஞ்சதும் அவன்தான் ஓடணும்.

வரிசை பிடிக்க ஆள் பத்தலைன்னா ரெண்டு ஆளுக்கு நடுவுல ரெண்டு கட்டம் காலியா விடலாம். முதல் நிலை ஆள் பக்கத்துக் கட்டத்துல எதிரி கால் வெச்சா அதோட நகர்வு முடிஞ்சது, அந்த டர்ன்ல ஊடுருவ முடியாது. ஆனா அப்படி நிக்கிற ஆளை நாலு பக்கம் இருந்து அடிக்கலாம், ஒட்டி நேர்வரிசையா நின்னா ரெண்டு பக்கம்தான். ஒருத்தன் செத்தா ஓட்டை விழும், பின்னாடி இருக்கற மேஜைத் தேடி வருவான். மேஜை எப்பவும் ரெண்டாவது வரிசையில வைங்க. டர்ன் முடிக்கறதுக்கு முன்னாடி கண்ட்ரோல் + வி அழுத்தினா எதிரி எங்கெல்லாம் எட்டுவான்னு காட்டும். அதைப் பார்க்காம டர்ன் முடிக்காதீங்க.

வால்குதிரை
கூல் விஷம் பத்தியும் சொல்லுங்க.

அறுகோணம்
விஷம் டர்னுக்கு 8 உயிர், 1 வரைக்கும் இறக்கும், கொல்லாது. கிராமத்துல போய் நின்னா முதல் டர்ன் விஷம் மட்டும் இறங்கும், அடுத்த டர்ன்லதான் 8 ஏறும். அதனால விஷம் ஏறினவனை உடனே அனுப்பிடணும். காலாள் முன்னேறிப் போறப்போ பின்னாடி கிராமத்தை வவ்வாலுக்கு விட்டுட்டுத்தான் போயிருப்பார்னு நினைக்கறேன். கிராமம் டர்னுக்கு 2 தங்கம், ஒரு முதல் நிலை ஆளோட சம்பளத்தையும் அது தாங்கும். ஆள் எண்ணிக்கை கிராமத்தை மிஞ்சியிருக்கறப்போ ஒரு கிராமம் போனா உங்களுக்கு 3 குறையும், அவனுக்கு 2 கூடும். நாலு டர்ன் அப்படியே விட்டா அந்த வித்தியாசம் ஒரு மேஜ் விலை.

இரவுக்காவல்
எதிரிக்கும் இதே தாயக்கட்டைதான்னு யாராவது சொல்லப் போறீங்க, அதுக்கு முன்னாடியே சொல்லிடறேன், எதிரிக்கு எப்பவும் விழுது.

எண்கணிதம்
ஸ்டாடிஸ்டிக்ஸ் படத்தைப் போடுங்க, பேசலாம்.

இரவுக்காவல்
போடறேன். நீங்க அப்பவும் சராசரிதான் பேசுவீங்க.

காலாள்
ரீப்ளே கிடைச்சுது. ரூம் போட்டது அவன், அந்த டிக் இருந்திருக்கு. மூணாவது ஆட்டம் முதல் டர்ன் மதியம், 8 அந்தி. நான் முதல் ஆட்டக்காரர். மேஜ் தவறின அடி 9-வது டர்ன், ராத்திரி. மூணும் பட்டிருந்தாலும் 18தான். முதல் ரெண்டு ஆட்டத்துல நேரம் சரியாத்தான் இருந்தது, அங்க ஸ்பியர்மேன்தான் பிரச்சனை போல. மேஜ் 2, ஹெவி 1, கேவல்ரி 1 எடுத்துப் பார்க்கறேன். நன்றி.

மந்தைவெளி
ஹெவி ரெண்டு எடுங்க.