பார்வை இல்லாத தங்கச்சிக்கு வீட்டு வேலை பழக்க வேண்டும், எங்கிருந்து தொடங்குவது?

களுவாஞ்சிக்குடி அக்கா:
வணக்கம். என் தங்கச்சிக்கு 15 வயது. பிறவியிலேயே பார்வை இல்லை, வெளிச்சமும் இருட்டும் மட்டும் பிடிபடும். பிரெய்ல் நன்றாக வாசிப்பாள், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் டோக்பேக்கைப் போனில் போட்டு என்னை விட வேகமாக வட்ஸ்அப் அனுப்புவாள். ஆனால் ஒரு தேத்தண்ணி ஊற்றிக் குடிக்கத் தெரியாது. சோறு பிசைந்து கொடுப்பதில் இருந்து தலை இழுத்துக் கட்டுவது வரை அம்மாதான். குசினிப் பக்கம் வந்தாலே "நெருப்புக் கிடக்கு, அங்கால போ மனே" என்பார். போன கிழமை அம்மாவுக்குக் கடும் காய்ச்சல், எனக்கு லீவு கிடைக்கவில்லை, பின்னேரம் வந்து பார்த்தால் பிள்ளை காலையில் இருந்து சாப்பிடவே இல்லை. சோறு சட்டியில் மூடித்தான் இருந்தது. எந்தச் சட்டி எங்கே என்று தெரியாதாம். அன்றைக்கு இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அடுத்த வருடம் ஓ.எல். பரீட்சை, அதற்குப் பிறகு விடுதியில் நிற்க வேண்டி வரும். எதை முதலில் பழக்குவது?

கல்லடிக்காரன்:
தங்கச்சி, நான் முழுதாகப் பார்வை இல்லாதவன், தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறேன். தேத்தண்ணியில் இருந்தே தொடங்குங்கள், ஆனால் முதல் கிழமை பச்சைத் தண்ணியில். கேத்தலின் மூக்கைக் கோப்பை விளிம்பில் முட்ட வைத்து, மெதுவாக ஊற்றச் சொல்லுங்கள். கோப்பை நிரம்ப நிரம்பச் சத்தம் மெலிந்து உயரும், கையில் பாரமும் ஏறும், இரண்டு நாளில் அவளுக்கே பிடிபட்டுவிடும். கீழே ஒரு தட்டம் வையுங்கள், சிந்தினால் அவளே துடைக்கட்டும்.

அடுப்பில் ஒரே சட்டம்தான். சட்டியை முதலில் வைத்து, நடுவில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் நெருப்பு. பற்றவைத்த அடுப்பில் சட்டியைத் தேடி வைக்கக் கூடாது. சால்வை, தொங்கும் சட்டைக் கை எல்லாம் முதலே இறுக்கிக் கட்ட வேண்டும். காட்டிக் கொடுக்கும்போது அவள் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், உங்கள் கை வேலை செய்ய அவள் கை உங்கள் கைக்கு மேலே இருக்கட்டும். அப்புறம் உப்புப் போத்தலை எடுத்தவர் அதே இடத்தில் வைக்க வேண்டும், இது அவளுக்கல்ல, வீட்டில் உள்ள மற்ற எல்லோருக்கும்.

எனக்கும் 19 வயது வரை ஒன்றும் தெரியாது, அம்மா இறந்த பிறகுதான் படித்தேன், அந்த மூன்று மாதம் பாணும் வாழைப்பழமும்தான். அம்மாவை அந்த நேரம் குசினிக்கு வெளியே இருத்துங்கள். அதுதான் கஷ்டமான பகுதி.

அக்கரைப்பற்று உம்மா:
என் மகனுக்கு 13. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோய், பகலில் நேரே இருப்பது தெரியும், பக்கம் தெரியாது, மஃரிபுக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. அரைப் பார்வைப் பிள்ளைக்கு வேறு மாதிரி யோசிக்க வேண்டும். வெள்ளைப் பீங்கானில் சோறு போட்டால் எங்கே முடிகிறது என்று தெரியாமல் வெறும் பீங்கானைத் துழாவுவார். கடும் நீலத்தில் ஒன்று வாங்கினேன், அன்றைக்கே நேராகச் சாப்பிட்டார். படி விளிம்புகளில் மஞ்சள் பெயின்ட் அடித்தோம். வெள்ளைப் பிரம்பு மட்டும் எடுக்க மாட்டேன் என்கிறார், கூட்டாளிமார் பார்ப்பார்களாம். யாராவது வழி சொல்லுங்கள்.

கல்லடிக்காரன்:
ராத்தா, மடிக்கும் பிரம்பு வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள், பகலில் வற்புறுத்த வேண்டாம். தெரியாத இடத்தில் இரவில் இரண்டு மூன்று தரம் நடந்து பழகினால் அவரே எடுப்பார். எனக்குப் பழக்கியது கல்லடிப் பழைய பாலத்தில், 1924இல் கட்டியது. ஏறியதும் வாவிக் காற்று முகத்தில் அடிக்கும், இறங்கும்போது நின்றுவிடும், பாலம் முடிகிறது என்று பிரம்புக்கு முன்னமே முகம் சொல்லிவிடும்.

விசேட கல்வி ரீச்சர்:
இரண்டு விஷயம் யாரும் சொல்லவில்லை. ஒன்று காசு. நம்முடைய இலங்கை 20 ரூபாய்த் தாள் 128 மில்லிமீற்றர் நீளம், அதில் இருந்து 50, 100, 500, 1000, 5000 என்று ஒவ்வொன்றும் 5 மில்லிமீற்றர் கூடும், அகலம் எல்லாம் ஒன்று. ஒரு மட்டையில் இந்த நீளங்களுக்கு வெட்டுப் போட்டுக் கொடுத்தால் தாளை வைத்துப் பார்த்தே சொல்வாள். பிறகு தாளுக்கு ஒரு மடிப்பு என்று பேர்ஸில் வைக்கப் பழக்கி, சந்திக் கடைக்குத் தனியாக அனுப்புங்கள், மிச்சக் காசை அவளே எண்ணி வாங்கட்டும்.

மற்றது மாதவிடாய். பெரிய பிள்ளைகளுக்கே தாய்தான் எல்லாம் செய்து விடும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன், பிள்ளைக்கு அது எவ்வளவு கூச்சம் என்று யாரும் கேட்பதில்லை. புதுப் பேட் ஒன்றை விரித்து, ஒட்டும் பக்கம் எது, முன் பின் எது என்று தொட்டுப் பார்க்கக் கொடுங்கள். காய்ந்த உடுப்பில் நாலு தரம் ஒட்டிப் பழகட்டும். பாவித்ததைச் சுற்றி எங்கே போடுவது என்பதும் சேர்த்து. திகதியைப் போனில் அவளே குறிப்பாள். விடுதிக்குப் போக முதல் இதுதான் முதலாவது வேலை.

களுவாஞ்சிக்குடி அக்கா:
எல்லோருக்கும் நன்றி. ரீச்சர் சொன்னதை அன்றைக்கே தொடங்கினோம், கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் இருந்து. இன்று காலை அவளே பிளேன்டி ஊற்றி அப்பாவுக்குக் கொடுத்தாள். சாயம் கூடிக் கசந்தது, அப்பா முழுதையும் குடித்தார். அம்மா முற்றத்தில் கூட்டிய இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டு நின்றார், உள்ளே வரவில்லை. இப்போது சோறு ஆக்கக் கேட்கிறாள். கொதிக்கிற உலையைச் சரிக்கப் பயமாக இருக்கிறது, அண்ணே, நீங்கள் எப்படிக் கஞ்சி வடிக்கிறீர்கள்?

கல்லடிக்காரன்:
நான் வடிப்பதே இல்லை தங்கச்சி. அரிசியைக் கழுவிச் சட்டியில் சமமாகப் பரவி, விரல் நுனியை அரிசியில் முட்ட வைத்தால் முதல் கணு மூடும் அளவு தண்ணி, சிவப்பரிசிக்குக் கொஞ்சம் கூட. மூடி, சிறு நெருப்பில் வற்ற விடுங்கள். கொதி அடங்கி அடியில் பொரிகிற சத்தம் கேட்டதும் அடுப்பை நிற்பாட்டச் சொல்லுங்கள். முதல் தரம் அரைச் சுண்டு போதும்.