குழந்தை நவம்பரில், தாம்பரத்தில் பயிற்சி ஜனவரியில்: விடுப்பை எப்போது எடுக்கச் சொல்வது?

ஏழாம்மாதம் (மதுரை) கேட்டது:

வணக்கம். என் கணவர் விமானப்படையில் ஃப்ளைட் லெப்டினன்ட். அசாமில், ஜோர்ஹாட்டில் ஏஎன்-32 என்ற சரக்கு விமானம் ஓட்டுகிறார். அருணாசல மலைகளுக்குள் இருக்கும் மெச்சுக்கா, வாலோங் போன்ற சின்ன ஓடுதளங்களுக்கு அரிசி, மண்ணெண்ணெய், ஆட்கள் என்று ஏற்றிப் போவதுதான் வேலை. மலையில் மதியத்துக்கு மேல் வானிலையை நம்ப முடியாது என்பதால் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். 2019 ஜூனில் ஜோர்ஹாட்டிலிருந்து மெச்சுக்காவுக்குக் கிளம்பிய ஏஎன்-32 விழுந்து 13 பேர் இறந்த செய்தியை என் அம்மா இன்னும் மறக்கவில்லை. அதனால் தினமும் பத்து மணிக்கு மேல் அவரே அம்மாவுக்கு ஒரு முறை பேசிவிடுவார்.

வளைகாப்பு முடிந்த கையோடு நான் மதுரைக்கு வந்துவிட்டேன். மருத்துவர் குறித்துக் கொடுத்திருக்கும் நாள் நவம்பர் 18. இதற்கிடையில் தாம்பரத்தில் இருக்கும் பறப்புப் பயிற்றுநர் பள்ளிக்கு அவர் பெயர் வந்துவிட்டது. ஜனவரி முதல் வாரம் சேர வேண்டும், ஏறக்குறைய ஆறு மாதம். இரண்டு ஆண்டுகளாக அவர் காத்திருந்த வாய்ப்பு இது. வேண்டாம் என்று சொல்ல எனக்கும் மனமில்லை.

விடுப்புக் கணக்கு இதுதான். ஆண்டு விடுப்பு 60 நாளில் 40 போய்விட்டது (நாத்தனார் திருமணம், வளைகாப்பு). தற்செயல் விடுப்பு அதற்கு முன்பே கரைந்துவிட்டது. மீதி 20 நாள், அதோடு தந்தைக்கான 15 நாள். மொத்தம் 35. பயிற்சி தொடங்கிவிட்டால் விடுப்பு என்ற சொல்லையே எடுக்க முடியாது என்கிறார்.

பிரசவத்துக்கு வந்தால் 28-ஆம் நாள் சடங்குக்கு இருக்க மாட்டார். மாமியார் நாகர்கோவில்காரர். 28-ஆம் நாள் இடுப்பில் கயிறு கட்டும்போது பெற்றவன் மடியில்தான் பிள்ளை இருக்க வேண்டும் என்கிறார். பொங்கலுக்குப் பிள்ளையை நாகர்கோவிலுக்குத் தூக்கிவர வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். என் அம்மா மூன்று மாதம் முடியாமல் வாசல்படி தாண்ட விடமாட்டார். எனக்கோ ஜனவரியிலேயே பிள்ளையோடு தாம்பரத்துக்குப் போய்விட வேண்டும் என்று இருக்கிறது. இந்தத் தீபாவளிக்கும் அவர் வரவில்லை, போன தீபாவளிக்கும் வரவில்லை.

இரண்டு முறை வந்து போகலாம் என்றால் தூரம் பயமுறுத்துகிறது. பக்கத்தில் மரியானியில் விவேக் எக்ஸ்பிரஸ் ஏறினால் மாமியார் ஊரிலேயே கொண்டுபோய் இறக்கிவிடும். ஆனால் ஏறக்குறைய மூன்று நாள் ரயிலிலேயே கழிந்துவிடும். விமானம் என்றால் கொல்கத்தா, சென்னை என்று மாறி மாறி வர வேண்டும்.

இந்த வாழ்க்கை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 35 நாளை எப்படிப் பங்கு போடுவது? ஜனவரியில் நான் தாம்பரம் போகலாமா?

டிரங்குப்பெட்டி15 எழுதியது:

தங்கையே, என் கணவரும் அதே பள்ளியில் படித்தவர்தான். அப்போது என் மூத்தவனுக்கு இரண்டரை மாதம். நீ செய்ய நினைப்பதை நான் செய்து பார்த்துவிட்டேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் பிரசவம். மருத்துவமனையில் உன்னைச் சுற்றி அம்மா, சித்தி, பெரியம்மா என்று எல்லோரும் இருப்பார்கள். உன் கணவர் வராந்தாவில் நின்று காப்பி வாங்கித் தருவார். பதினைந்தாம் நாளுக்கு மேல் சித்தி ஊருக்குப் போய்விடுவார், அம்மாவுக்கு இடுப்பு வலி வந்துவிடும், பிள்ளை இரவெல்லாம் கத்தும். ஆள் வேண்டியது அப்போதுதான். என்னைக் கேட்டால் பிறந்ததும் ஓடி வரவேண்டாம், மூன்றாம் வாரத்துக்கு மேல் மொத்தமாக வரட்டும் என்பேன்.

அடுத்தது தாம்பரம். அந்தப் பயிற்சி எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள். விமானம் ஓட்ட ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு அங்கே சொல்லிக்கொடுப்பது, ஓட்டிக்கொண்டே பேசுவதற்கு. 'பேட்டர்' என்பார்கள். கை என்ன செய்கிறதோ அதை அந்த நொடியிலேயே, பக்கத்தில் இருக்கும் மாணவனுக்கு விளங்கும்படி வாய் சொல்ல வேண்டும். ஒரு சொல் முந்தினாலும் பிந்தினாலும் தப்பு. அதனால் இரவெல்லாம் மனப்பாடம். எங்கள் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, தேங்காய் துருவியின் கைப்பிடியைக் கட்டுப்பாட்டுக் கோல் போலப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் பேசுவார். வேலைக்கு வந்த அம்மாள் என்னிடம் தனியாக, "ஐயாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

நாங்கள் எடுத்தது செம்பாக்கத்தில் ஒற்றை அறை வீடு. அறைக்குக் கதவு இருந்தது, ஆனால் சாத்தாது. மழையில் ஊதியிருந்தது. பிள்ளை அழுதால் மூன்று பேரும் விழிப்போம். நாலரை மணிக்கு அவர் எழுந்து குளித்துவிட்டு வானிலை விளக்கக் கூட்டத்துக்கு ஓடுவார். இரண்டாம் வாரத்தில் ஒரு நாள், கண் இமை துடிப்பதைப் பார்த்த தள மருத்துவர் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று கேட்டிருக்கிறார். மூன்று என்றிருக்கிறார். அன்று பறக்க விடவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம் கோபப்பட்டார், நான் அழுதேன், பிள்ளையும் அழுதது. அதற்கு அடுத்த நாளிலிருந்து வார நாட்களில் மெஸ்ஸில் தூங்கினார். பிறகு நான் தாம்பரத்தில் இருந்து என்ன பயன்?

உன் பிள்ளைக்கு ஜனவரி முதல் வாரத்தில் ஏழு வாரம் ஆகியிருக்கும். குழந்தைகள் அதிகமாக அழுவது ஆறு வாரத்தை ஒட்டித்தான். அவருக்கும் அதுதான் மிகக் கடினமான கட்டம். இரண்டையும் ஒரே வீட்டில் வைக்காதே. 14-ஆம் வாரத் தடுப்பூசியை மதுரையிலேயே போட்டுவிட்டு, பிப்ரவரி கடைசியில் போ. வெயில் ஏறியிருக்காது. அதுவரை வெள்ளிக்கிழமை இரவு தாம்பரத்தில் பாண்டியன் ஏறினால் விடியலில் மதுரையில் இருப்பார். ஆனால் எல்லா வாரமும் எதிர்பார்க்காதே. வானிலையால் தவறிப்போன பறப்புகளைச் சனிக்கிழமை வைத்து ஈடுகட்டுவார்கள்.

நல்லதும் ஒன்று சொல்கிறேன். நான்காம் மாதத்தில் அவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பேட்டர் சொல்லுவார். "மூக்கு மேலே போகிறது, வேகம் குறைகிறது, இப்போது மெதுவாக..." என்ற அந்த ஒரே சுருதியில் பத்து நிமிடத்தில் தூங்கிவிடுவான். நான் பாடிய தாலாட்டுக்கு ஒரு நாளும் அப்படித் தூங்கியதில்லை.

கரும்பலகை எழுதியது:

மேலே எழுதிய அம்மாவின் அனுபவத்துக்கு மரியாதை. தாம்பரத்தைப் பற்றிச் சொன்ன எல்லாம் சரி. ஆனால் "பிறந்ததும் ஓடி வரவேண்டாம்" என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நானும் விமானியாக இருந்தவன். என் மூத்த மகள் பிறந்தபோது லே-யில் இருந்தேன். கைப்பேசியில் என் மாமனார் "கேட்கிறதா, கேட்கிறதா" என்று கேட்டுக்கொண்டே இருந்ததில் அவள் அழுகை எனக்குக் கேட்கவே இல்லை. வந்து பார்த்தபோது அவளுக்கு 41 நாள். என்னைப் பார்த்து வீறிட்டாள். இப்போது அவள் கல்லூரியில் படிக்கிறாள், அதைச் சொல்லி இன்றும் என்னைக் கிண்டல் செய்கிறாள். சிரித்துக்கொள்கிறேன்.

வராந்தாவில் நின்று காப்பி வாங்கித் தருவதும் ஒரு வேலைதான் அம்மா.

வழி இருக்கிறது. பிரிந்த விடுப்பாக, அதாவது இரண்டு பங்காக எடுக்கட்டும். நவம்பர் 18 என்ற தேதியை, அணியில் அவருக்கு மேலதிகாரியான ஃப்ளைட் கமாண்டரிடம் இப்போதே சொல்லிவைக்கச் சொல்லுங்கள். எந்த அணியிலும் அந்தப் பத்து நாளுக்கு வெளித்தளப் பணியில் போடாமல் பார்த்துக்கொள்ள முயல்வார்கள். கடைசி நிமிடத்தில் போய் நின்றால்தான் முகம் சுளிப்பார்கள். இளம் அதிகாரிகளுக்கு இதைக் கேட்க வெட்கம். நான் அப்படித்தான் கேட்காமல் விட்டேன்.

தூக்க விஷயத்தில் ஒன்று. தூங்கவில்லை என்றால் "இன்று நான் பறக்கவில்லை" என்று விமானி தானே சொல்ல வேண்டும், அது கடமை. பயிற்சியில் பின்தங்கிவிடுவோமோ என்ற பயத்தில் வாய் வராது. வீட்டில் இருப்பவர் அவரை அப்படிச் சொல்ல அனுமதித்தால் போதும்.

பழைய_எழுத்தர் எழுதியது:

அம்மா, நான் ஜூனியர் வாரண்ட் ஆபீசராக ஓய்வு பெற்றவன். பணிக்காலம் முழுவதும் விடுப்புத் தாள்களோடுதான் குடும்பம் நடத்தினேன். எனவே தாள் பேசுகிறேன்.

தந்தைக்கான 15 நாள், ஆண்டு விடுப்பில் கழியாது. பிறப்புக்கு 15 நாள் முன்பிருந்து, பிறந்து ஆறு மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் போயிற்று. ஆண்டு விடுப்பு அந்தக் காலண்டர் ஆண்டின் கணக்கு. எனவே பிறப்புக்கு ஆண்டு விடுப்பிலிருந்து ஓர் எட்டு நாள் எடுக்கட்டும். திரும்பிப் போய்ப் பொறுப்புகளை ஒப்படைத்துவிட்டு, டிசம்பரில் மிச்சமுள்ள 12 நாளையும் அதன் வாலில் 15 நாளையும் ஒட்டி எழுதட்டும். ஜனவரி தொடக்கம் வரை வரும். அப்படியே தாம்பரம். முடிவாகத் தேதி குறிக்கும் முன் அட்ஜுடன்ட் (அணியின் நிர்வாக அதிகாரி) அலுவலகத்தில் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள், பணிமாற்றத்துக்கான சேரும் நாட்களும் இடையில் வரும்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. பெயர் முடிவாகவில்லை என்று காத்திருக்காதீர்கள், பெயரை ஓர் ஆண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். சான்றிதழ் கைக்கு வந்ததும் அவர் ஜென்ஃபார்ம் என்ற படிவத்தில் எழுதிக் கொடுத்து, குழந்தையின் பிறப்பைப் பணிப்பதிவில் ஏற்றச் சொல்ல வேண்டும். அது ஏறினால்தான் படை மருத்துவமனையில் குழந்தைக்குச் சீட்டு. ஜோர்ஹாட்டை விட்டுக் கிளம்பும் முன்பே இதை முடித்துவிட வேண்டும். தாள் இரண்டு தளங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் அது எங்கே தூங்குகிறது என்று ஆண்டவனுக்கே தெரியாது. தடுப்பூசி அட்டையையும் பத்திரமாக வையுங்கள், எந்த ஊரிலும் அதை வைத்து அடுத்த ஊசி போடுவார்கள்.

வடசேரிப்பாட்டி எழுதியது:

நானும் நாகர்கோவில்தான் மக்களே, உன் மாமியார் பக்கம் பேச வந்தேன். 28 கட்டுக்கு அப்பன் வேண்டும் என்பது சரிதான், அதில் விட்டுக்கொடுக்காதே. ஆனால் அதை மதுரையில் உன் அம்மா வீட்டிலேயே செய்யலாம். நாங்கள் ஆறு பேர் வேனில் போய்ச் செய்துவிட்டு வந்தோம். பொங்கலுக்குப் பச்சைப் பிள்ளையைத் தூக்கி வரச் சொல்வது நியாயமில்லை. உன் மாமியாரிடம் நீ சொல்லாதே, உன் கணவரைச் சொல்லச் சொல். மகன் சொன்னால் கோபம் அரை நாளில் ஆறும்.

ஏழாம்மாதம் (மதுரை) எழுதியது:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு நாள் எழுத முடியவில்லை, காரணம் தெரிந்திருக்கும்.

கரும்பலகை சார், நீங்கள் சொன்னபடி ஃப்ளைட் கமாண்டரிடம் சொல்லி, 14-ஆம் தேதியிலிருந்து எட்டு நாள் விடுப்பு வாங்கிவைத்திருந்தார். மகள் 11-ஆம் தேதியே வந்துவிட்டாள். காலை 7.40. அந்த நேரத்தில் அவர் மலைகளுக்கு மேல் எங்கோ இருந்தார். இறங்கிக் கைப்பேசியைப் பார்த்தபோது 23 தவறிய அழைப்புகள். அம்மாவுக்குப் பேசும் பத்து மணி அழைப்பு அன்று 9.35-க்கே வந்துவிட்டது. விடுப்பை முன்னுக்கு மாற்றித் தந்தார்கள், மூன்றாம் நாள் வந்து சேர்ந்தார். வீறிடவில்லை சார், தூங்கிக்கொண்டிருந்தாள். வராந்தாவில் காப்பியும் வாங்கித் தந்தார்.

இப்போது ஜோர்ஹாட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். டிசம்பர் 7 வருகிறார், 8-ஆம் தேதி மதுரையிலேயே கயிறு கட்டுகிறோம். மாமியாரிடம் அவரே பேசினார். கோபம் அரை நாளில் ஆறவில்லை பாட்டி, இரண்டு நாள் ஆயிற்று. பிறகு பொங்கலுக்குத் தாமே இங்கே வருவதாகச் சொல்லி, என்ன பாயசம் வைப்பது என்று அம்மாவோடு வாதம் தொடங்கிவிட்டார். பழைய எழுத்தர் ஐயா, ஜென்ஃபார்ம் கொடுத்தாயிற்று. பெயர்தான் இன்னும் முடிவாகவில்லை.

டிரங்குப்பெட்டி அக்கா, நான் பிப்ரவரி 20-க்கு மேல்தான் கிளம்புகிறேன். சேலையூர், செம்பாக்கம், கேம்ப் ரோடு பக்கத்தில் இரண்டு அறை வீடு தெரிந்தால் சொல்லுங்கள். ஓர் அறைக்காவது கதவு சரியாகச் சாத்த வேண்டும்.